ஒரு தடவை பார்த்தாயிற்றே என்று சொல்லாதீர்கள்

அரசு மருத்துவக் காப்பீட்டில் எந்தச் சிகிச்சைக்கு, எந்தப் பரிசோதனைக்குப் பணம் தரலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவர் குழுவினருக்கும்,

நுரையீரல் புற்றுநோய் வந்த என் அம்மாவுக்கு மரபணுப் பரிசோதனையை மறுபடி செய்ய அனுமதி கேட்டுப் போட்ட மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. "மேற்படி நோயாளிக்கு மேற்படி மரபணுப் பரிசோதனை ஏற்கெனவே செய்யப்பட்டுள்ளதால், அதே நோய்க்கு அதே பரிசோதனையை மீண்டும் அனுமதிக்க வழிவகை இல்லை." அவ்வளவுதான், கீழே ஒரு கையெழுத்து.

நான் இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவள். மனு போடுவதும், அதற்கு வரும் பதிலை நாலு பேருக்குப் படித்துச் சொல்வதும்தான் என் பிழைப்பு. 'வழிவகை இல்லை' என்று வந்தால் அதோடு கதை முடிந்தது என்று ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். நான் எழுந்து போவதாக இல்லை. உங்கள் பதிலில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று கணக்கில், இன்னொன்று மருத்துவத்தில்.

கணக்குத் தவறு சின்னது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை இந்தப் பரிசோதனைக்கு நாங்கள் அனுமதி கேட்டபோது, அது காப்பீடு பணம் தரும் சிகிச்சைத் தொகுப்பில் இல்லை என்று மறுத்தீர்கள். வளையலை வங்கியில் வைத்து நாங்களே செய்துகொண்டோம். இப்போது இரண்டாவதைக் கேட்டால், முதலாவது முடிந்துவிட்டதே என்கிறீர்கள். நீங்கள் ஒரு பைசா கொடுக்காத பரிசோதனையைக் காட்டி அடுத்ததையும் மறுப்பது எந்த விதியில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவத் தவறுதான் பெரியது. 'அதே நோய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அதே நோய் இல்லை.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியவள். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூட உதட்டில் வைத்ததில்லை. எங்கள் பக்கம் இது பெரிய அதிசயமும் இல்லை. முக்கூடல், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் பீடி சுற்றும் பெண்கள்தான், புகைப்பது ஆண்கள். இலையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, கத்தரியால் வெட்டி, தூளை இரண்டு விரலால் அள்ளி வைத்து உருட்டுவாள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அவள் முகத்தைச் சுற்றிப் புகையிலைத் தூசி மிதப்பது தெரியும். இதோடு காலையும் மாலையும் விறகடுப்பு. கேஸ் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்ததே ரொம்பப் பிந்தித்தான்.

இருமல் வந்தது, நிற்கவில்லை. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும், எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே இருந்த டாக்டர் ஒரே ஆளாக நூறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டிய பிறகுதான் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அடினோகார்சினோமா என்று வந்தது. நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை. புகைபிடிக்காத பெண்களுக்கு வரும்போது பெரும்பாலும் இதுதான்.

அங்கிருந்துதான் மரபணு என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் அம்மாவுக்காகப் படித்தேன், கேட்டேன். உங்கள் குழுவில் இருக்கும் மருத்துவர்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பதில் வந்ததால்தான் இதை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு மரபணு, 7ஆவது குரோமோசோமில் இருக்கிறது. செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கி உள்ளே கடத்துவது அது உண்டாக்கும் புரதத்தின் வேலை. அந்த மரபணுவில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப் போனாலோ, ஒரே ஓர் எழுத்து மாறினாலோ, யாரும் சொல்லாமலே 'வளர், வளர்' என்ற உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். இந்தத் திரிபு இருப்பவர்களுக்குத்தான் ஜெஃபிட்டினிப் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தத் திரிபு இருக்கிறது. புகைபிடிக்காதவர்களில் இது இன்னும் கூடுதல்.

பரிசோதனை செய்யாமல் மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்க்கலாமே என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆசிய நாடுகளில் புகைபிடிக்காத அல்லது எப்போதோ கொஞ்சம் பிடித்து விட்டுவிட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு அது. திரிபு இருந்தவர்களில் ஜெஃபிட்டினிப் சாப்பிட்ட 100 பேருக்கு 71 பேரின் கட்டி சுருங்கியது, கீமோவில் 47 பேருக்கு. திரிபு இல்லாதவர்களில் அந்த மாத்திரை 100க்கு ஒருவருக்குத்தான் கேட்டது, கீமோ 23 பேருக்குக் கேட்டது. ஒரே மாத்திரை, ஒரே வியாதிப் பெயர், இடையில் இருப்பது ஒரு மரபணு ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட் இல்லாமல் டாக்டர் எதை வைத்து மருந்து எழுதுவார்? அதைத்தான் நீங்கள் 'தொகுப்பில் இல்லை' என்றீர்கள்.

சரி, அம்மாவுக்கு அந்த மரபணுவின் 19ஆவது பகுதியில், எக்ஸான் என்கிறார்கள், துண்டு விடுபட்டிருந்தது. ஜெஃபிட்டினிப் ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறினாள். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தாள். பீடிக்கடைக்குப் போய் நின்று கணக்குக் கேட்டாள், எனக்கு மாப்பிள்ளை பார்த்தாள், மதினியோடு சண்டை போட்டாள். அப்புறம் இருமல் திரும்பி வந்தது.

உங்கள் 'அதே நோய்' தடம் புரளும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது அதிலுள்ள மரபணுத் தகவல் மொத்தமும் நகலெடுக்கப்படுகிறது. தவறு வரும். வந்தால் அதைக் கண்டுபிடிக்க, திருத்த, திருத்த முடியாவிட்டால் அந்தச் செல்லையே அழிக்க, ஏற்பாடுகள் இருக்கின்றன. அதில் முக்கியமானது டி.பி.53 என்ற மரபணு. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், பீடிக்கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்துக் கோளாறான பீடியைக் கழிக்கிறவர் மாதிரி. அவர் ஒரு வாரம் லீவு போட்டால் எவ்வளவு கோளாறான சரக்கு வெளியே போகும் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வாள். நுரையீரல் அடினோகார்சினோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டி.பி.53 கெட்டிருக்கிறது. சிறுசெல் புற்றுநோய் என்ற முரட்டு வகையில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே.

திருத்துகிறவன் இல்லாத இடத்தில் தவறு நிற்காது, சேர்ந்துகொண்டே போகும். ஓர் எழுத்து மாறுவதோடு போவதில்லை. குரோமோசோமின் ஒரு பக்கம் அப்படியே காணாமல் போகும், இன்னொரு பக்கம் நாலைந்து நகலாகப் பெருகும். சில செல்களில் குரோமோசோம் முழுவதும் இரட்டிப்பாகிவிடும். மரபணு நிலையின்மை என்று சொல்வது இதைத்தான். லண்டனை மையமாக வைத்து நடக்கும் டிரேசர்எக்ஸ் ஆய்வில் முதல் 100 நோயாளிகளின் நுரையீரல் கட்டியைப் பல இடங்களில் வெட்டி எடுத்துத் தனித்தனியாகப் படித்தார்கள். ஒரே கட்டியின் இந்த ஓரமும் அந்த ஓரமும் மரபணுவில் ஒன்றுபோல இல்லை. குரோமோசோம்கள் எவ்வளவு நிலைகுலைந்திருந்தனவோ, நோய் திரும்பி வருவதற்கும் உயிர் போவதற்கும் அவ்வளவு வாய்ப்பு என்று 2017இல் எழுதினார்கள்.

இப்படி நாளுக்கு நாள் மாறும் கூட்டத்துக்குள் ஒரு மாத்திரை போகிறது. அதற்குக் கட்டுப்பட்ட செல்கள் சாகின்றன. கட்டுப்படாத சிலது தப்பிக்கின்றன. சிலருக்கு அவை முதலிலிருந்தே மூலையில் இருந்திருக்கும், சிலருக்கு இடையில் உருவாகியிருக்கும். ஒரு வருஷத்தில் அந்தச் சிலதின் வாரிசுகளே கட்டி முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன. ஜெஃபிட்டினிப் கேட்காமல் போனவர்களில் சரிபாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதே ஈ.ஜி.எஃப்.ஆரில் 790ஆவது இடத்தில் புதிதாக ஒரு மாற்றம் வந்திருக்கிறது. டி790எம் என்று சொல்கிறார்கள். அது வந்துவிட்டால் பழைய மாத்திரை போய் ஒட்ட வேண்டிய இடத்தில் சரியாக ஒட்டாது. அதற்கென்றே வந்த மருந்து ஒசிமெர்டினிப். டி790எம் இருந்தவர்களுக்கு, நோய் மறுபடி வளராமல் நின்ற காலம் கீமோவில் நாலு மாதச் சொச்சம், ஒசிமெர்டினிப்பில் பத்து மாதம் என்று 2017இல் ஆய்வு வந்தது.

மீதிப் பேருக்கு? சிலருக்கு மெட் என்ற வேறு மரபணு பல நகலாகப் பெருகியிருக்கும். சிலருக்கு, எண்ணிக்கை குறைவுதான், அடினோகார்சினோமாவே சிறுசெல் வகையாக மாறியிருக்கும். அவர்களுக்கு ஒசிமெர்டினிப் கொடுத்தால் பணமும் காலமும் வீண். வேறு கீமோதான் வேண்டும். மறுபடி சோதிக்காமல் இதில் யார் எந்தப் பக்கம் என்று எந்த டாக்டராலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் உங்களுக்கு அனுப்பிய மனுவோடு திருவனந்தபுரத்து டாக்டரின் கடிதத்தையும் இணைத்திருந்தேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு என்று மலையைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிப் போய் வாங்கிய கடிதம் அது. அவர் அம்மாவின் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "பழைய ரிப்போர்ட் போரா அம்மே, புதியது வேணம்" என்றார். பழையது போதாது என்கிறார். மேசையில் இருந்த தாளில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் நிறையப் புள்ளி வைத்து நடுவில் ஒரே ஒரு பெருக்கல் குறி, இன்னொன்றில் முழுக்கப் பெருக்கல் குறி. முதல் வட்டத்தைப் பேனாவால் தட்டி "அன்று", இரண்டாவதைத் தட்டி "இன்று" என்றார். அம்மா தலையை ஆட்டினாள், எனக்கும் புரிந்தது. உங்கள் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைப் பார்த்தவர், அது வெளிமாநில மருத்துவர் எழுதியது, செல்லாது என்று ஃபோனில் சொன்னார்.

இதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. எங்கள் ஆச்சிமார் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் போவார்கள். கோடு மாறியது, மலை மாறவில்லை. அந்த ஊர் எங்களுக்கு 100 கிலோமீட்டர் சொச்சம், சென்னை 600க்கும் மேல். மூச்சு வாங்கும் ஒரு பெண்ணை எந்தப் பக்கம் கூட்டிப் போவீர்கள்? புற்றுநோய்க்குப் புகழ்பெற்ற மருத்துவமனை அடையாறில் 1954இலிருந்து இருக்கிறது, நல்லதுதான், அதற்காக எல்லையில் இருப்பவர்கள் எல்லோரும் ராத்திரி ரயில் ஏற வேண்டும் என்று விதி போட முடியாது. எம்.சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் ராப்பகலாக புளியரையைத் தாண்டிப் போகின்றன. எங்கள் டாக்டர் சீட்டு மட்டும் செக்போஸ்டில் செல்லாமல் போய்விடுகிறது.

லாரி என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. காற்றிலுள்ள நுண்துகள், வாகனப் புகையில் வருமே, அது ஏற்கெனவே ஈ.ஜி.எஃப்.ஆர். திரிபோடு சும்மா கிடக்கும் நுரையீரல் செல்களைக் கிளப்பிவிடுகிறது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. உடல் நலமாக இருப்பவர்களின் நுரையீரலிலும் அப்படிப்பட்ட செல்கள் அங்கங்கே இருக்கின்றனவாம். துகள் போய் அழற்சியை உண்டாக்கினால் அவை எழுந்துகொள்கின்றன. புகைபிடிக்காதவர்களுக்கு ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இது ஒரு முக்கியமான பதில்.

புகைப்பவர்களின் கதை வேறு. தினம் ஒரு பாக்கெட் சிகரெட் என்று ஒரு வருஷம் பிடித்தால் நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 திரிபுகள் கூடுகின்றன என்று 2016இல் கணக்கிட்டார்கள். புகையிலுள்ள பென்ஸோபைரீன் மரபணுவில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறதோ, டி.பி.53இல் அந்த இடங்களே அதிகம் கெட்டிருக்கின்றன என்பது 1996இலேயே தெரிந்துவிட்டது. பீடி சுற்றும் கைகளைப் பற்றி இந்த அளவுக்கு யார் படித்தார்கள்? மும்பை ஆய்வாளர்கள் 1990களில் பீடிப் புகையிலையைக் கையாளும் தொழிலாளர்களின் ரத்த அணுக்களைப் பார்த்து, குரோமோசோம் சேதம் மற்றவர்களைவிட அதிகம் என்று எழுதினார்கள். அம்மாவுக்குப் பீடித் தூளால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவளுக்கு இருந்த திரிபு புகையிலைக்கு உரியது இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே தூசியில் உட்கார்ந்திருக்கும் மாவட்டத்தில், நிற்காத இருமலோடு ஒரு பெண் வந்தால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்குமுறைகூட இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது பரிசோதனையை நாங்களே செய்தோம். முதல் தடவை எடுத்த சதையில் மிச்சம் இருந்தால் அதை வைத்தே வேறு சிலவற்றையும் பார்க்கலாம் என்றார்கள், கேட்டு வாங்கப் போனேன். மெழுகில் பதித்த துணுக்கைச் சின்ன பிளாஸ்டிக் வில்லையில் ஒட்டி, விளிம்பில் பென்சிலால் எண் எழுதி வைத்திருப்பார்கள். பேனா மை மருந்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சில். நான் வாங்கிய வில்லையில் எண் தெளிவாக இருந்தது, சதைதான் இல்லை. சாயம் போட்டுப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் சீவித் தீர்த்துவிட்டார்கள். மெழுகில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளிறிய தடம் மட்டும் இருந்தது. கடைசியில் ரத்தத்தில் பார்த்தோம். கட்டியிலிருந்து உதிரும் மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும், அதைப் பிடித்துப் படிக்கிற பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2016இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். நுரையீரலில் மறுபடி ஊசி குத்த வேண்டாம், ஒரு குழாய் ரத்தம் போதும். டி790எம் இருந்தது. மாத்திரையை மாற்றினார்கள். அண்ணன் குவைத்தில் கடன் வாங்கி அனுப்பும் பணத்தில் அந்த மாத்திரை நடக்கிறது, இன்னும் எத்தனை மாதம் நடக்கும் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் எங்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்த கடையநல்லூர்ப் பக்கத்து அக்கா ஒருவருக்கு குவைத்தில் அண்ணன் இல்லை. அவரும் பீடி சுற்றுகிறவர், அவருக்கும் ஜெஃபிட்டினிப் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கும் இருமல் திரும்பியது. பரிசோதனைக்குப் பணம் இல்லாததால் பழைய மாத்திரையையே தொடர்ந்தார்கள். கேட்காது என்று தெரிந்த மாத்திரையை, வேறு வழியில்லாமல். அடுத்த முறை நான் பார்த்தபோது அவருக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை. மூளைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவருடைய கதிர்வீச்சுக்குக் காப்பீட்டில் பணம் கிடைத்தது என்று அவர் மகள் சொன்னாள். பரிசோதனைக்குக் கிடையாது, மூளைக்குப் போன பிறகு கதிர்வீச்சுக்கு உண்டு. மிச்சப்படுத்துவதாக நினைத்து நீங்கள் செய்வது எந்தக் கணக்கு?

2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப் உட்பட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரியை எடுத்துவிட்டார்கள். அந்த வருஷமே ஜி.எஸ்.டி.யையும் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறக்கினார்கள். கைதட்டினோம். யாருக்கு அந்த மருந்து வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை எங்கள் அட்டையில் இல்லையென்றால் அந்த வரிக்குறைப்பு எங்கள் தெருவரை எப்படி வந்து சேரும்? ஜெஃபிட்டினிப் இந்தியாவில் பல கம்பெனிகள் செய்கின்றன, விலை நன்றாக இறங்கிவிட்டது. அந்தக் குடும்பத்து மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது, திரிபு இருப்பவர்களுக்கு என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை நிறைவேற்றுவதே பரிசோதனைதான்.

நான் கேட்பவை இவை.

நுரையீரல் அடினோகார்சினோமா என்று முடிவானால், முதல் மருந்து எழுதும் முன்பே ஈ.ஜி.எஃப்.ஆரையும், அதைப் போலவே இந்த நோயில் கோளாறாகும் ஏ.எல்.கே., ராஸ்1 என்ற வேறு இரண்டு மரபணுக்களையும் பார்ப்பதைச் சிகிச்சையின் பகுதியாக அறிவித்துத் தொகுப்பில் சேருங்கள். தனிப் பரிசோதனை, கூடுதல் பரிசோதனை என்று அதற்கு வேறு தலைப்புக் கொடுக்க வேண்டாம்.

மாத்திரை கேட்காமல் நோய் மறுபடி வளர்ந்தால் மறுபரிசோதனைக்கு அனுமதி கொடுங்கள். முதலில் ரத்தத்தில் பாருங்கள். ரத்தத்தில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது, அப்போது சதை எடுத்துப் பார்க்கவும் அதே அனுமதி செல்ல வேண்டும். 'ஏற்கெனவே செய்யப்பட்டுள்ளது' என்ற காரணத்தை இந்த நோய்க்கு யாரும் எழுதக்கூடாது என்று சுற்றறிக்கை விடுங்கள்.

பரிசோதனையில் டி790எம் வந்தால் அதற்கான மருந்தும் அட்டையில் கிடைக்க வேண்டும். பெயரை மட்டும் கண்டுபிடித்துக் கையில் கொடுத்து அனுப்பினால் அந்த வீட்டுக்கு அது இன்னொரு தண்டனை.

எல்லையோர மருத்துவமனைகளில் எடுக்கும் சதையை, மரபணுப் பரிசோதனைக்கு முதலில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற சாயங்களுக்குச் சீவ வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். நோயாளியை அலையவிடாமல் மாதிரியை நீங்களே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்குள் ரிசல்ட் வர வேண்டும்.

செங்கோட்டை, புளியரை, கம்பம், களியக்காவிளை என்று எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் கேரளத்து அரசு மருத்துவரிடம் வாங்கும் பரிந்துரைக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவெண் அதில் இருக்கிறது, சந்தேகம் என்றால் ஒரு ஃபோனில் சரிபார்த்துவிடலாம்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்ணுக்கு இருமல் நிற்காமல், சளியில் காசநோய்க் கிருமியும் இல்லையென்றால், காசநோய் மாத்திரையை மட்டும் நீட்டிக்கொண்டே போகாமல் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவதை ஒழுங்குமுறையாக்குங்கள்.

கடைசியாக, என் அம்மாவின் மனுவையும், அதே காரணத்தைச் சொல்லி நீங்கள் திருப்பி அனுப்பிய மற்றவர்களின் மனுக்களையும் எடுத்து மறுபடி பாருங்கள். கடையநல்லூர்ப் பக்கத்து அக்கா மகள் போட்ட மனு ஒன்றும் அதில் இருக்கும். பதிலை எழுத்தில் தாருங்கள், எந்த விதியின் எந்தப் பிரிவு என்று எண்ணோடு. 30 நாளில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பேன். அந்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளியின் மகள்,
செங்கோட்டை வட்டாரம்.